பாசுமதிச் சோறு

இமயமலை அடிவாரச் சமவெளிகளில், இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் விளையும் நறுமண அரிசியைக் கொண்டு ஆக்கும் சோறு. இதன் மணத்துக்கு 2-அசிட்டைல்-1-பைரோலின் என்னும் சேர்மம் முதன்மைக் காரணம்.

அரிசியை மெதுவாகக் களைந்து அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். இதைத் தவிர்ப்பது பாசுமதியின் சிறப்பையே இழப்பதாகும்: ஊறிய அரிசி அதிகம் பருக்காமல் நீளவாக்கில் வளரும், ஊறாதது எளிதில் ஒடியும். ஒரு குவளைக்கு ஒன்றரைக் குவளை நீர் போதும். கொதித்தபின் மூடி, சிறுதீயில் 10 முதல் 12 நிமிடம் வேகவிட்டு, அடுப்பை அணைத்து மேலும் 10 நிமிடம் திறக்காமல் வைக்கவும். இடையில் கிளறக் கூடாது. மிஞ்சிய சோற்றை வெளியே வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா பெருகும்; விரைவில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.