சமநிலையைத் தீர்த்த விதி

டென்னிஸில் ஒரு செட்டை வெல்ல ஆறு கேம்கள் மட்டும் போதா. எதிராளியினும் இரண்டு கேம்கள் மிகுதியாக வென்றிருத்தல் வேண்டும் என்பது பழைய விதி. நேர்மையான விதிதான், ஆயின் அதற்கு எல்லை இல்லை. 1969-இல் விம்பிள்டனில் கான்சலேசும் பசரெல்லும் 112 கேம்கள் ஆடி, மறுநாளே முடிவு கண்டனர்.

எல்லை வகுக்க முற்பட்டவர் அமெரிக்கரான ஜேம்ஸ் வான் ஆலன். 1970-இல் அமெரிக்க ஓபன் ஏற்ற அவரது ‘டை பிரேக்’ முறையில், நான்குக்கு நான்கு என நின்றால் அடுத்த ஒரே புள்ளி செட்டைத் தீர்த்துவிடும். 1971-இல் விம்பிள்டன் ஏற்ற முறையோ, இரண்டு மிகுதி வேண்டும் என்னும் பழைய நெறியைப் புள்ளிக் கணக்கில் காத்தது.

ஆனால் அங்கே இறுதிச் செட்டுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அதன் விலை 2010-இல் தெரிந்தது. இஸ்னர் மஹூவை இறுதிச் செட்டில் 70–68 என வென்ற ஆட்டம், மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் நீண்டது. களைத்த இஸ்னர் அடுத்த சுற்றிலேயே தோற்றார். 2022 முதல் நான்கு பெரும் போட்டிகளிலும் இறுதிச் செட்டு 6–6 என நின்றால் பத்துப் புள்ளி டை பிரேக் உண்டு. அதிலும் இரண்டு மிகுதி வேண்டும்.

டெஸ்ட் கிரிக்கெட்டின் வழி வேறு. 1986-இல் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஓட்டங்களில் சமமாக முடித்தன. அச்சமநிலை அப்படியே நின்றது. தீர்ப்பதும் நீதி; சமமெனச் சாற்றுவதும் நீதியே.