இரைச்சலில் பிறந்த இசைத்தட்டு

கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோவில் 257ஆம் எண் பேருந்தில் ஏறினால் லேட்டன்ஸ்டோன் வழியாக ஸ்ட்ராட்ஃபோர்டு போய்ச் சேரலாம். அங்கே பிராட்வேயில், வண்டிகள் ஓயாமல் கடந்து போகும் முக்கோணத் திட்டின் நடுவே செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் நிற்கிறது, 1830களில் கட்டியது. பார்க் சைக்கோசிஸ் என்ற இசைக்குழு ஒத்திகை பார்த்த இடம் இதுதான். கிழக்கு லண்டன் இசை என்றதும் ஊரெல்லாம் ஈஸ்ட் 17 என்ற பாப் குழுவின் பெயரைத்தான் சொல்கிறது. எனக்கு பார்க் சைக்கோசிஸ்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அதைத் தொடங்கிய கிரஹாம் சட்டனும் ஜான் லிங்கும் பள்ளித் தோழர்கள். 1986இல், 14 வயதில், நேபாம் டெத் பாட்டுகளை எடுத்து வாசிக்கும் குழுவாகத் தொடங்கினார்கள். ஹார்ட்கோர் பங்க் இசையின் உச்ச வேகம் அது. தொடங்கிய சில நொடிகளிலேயே முடிந்துவிடும் பாட்டுகளும் உண்டு. நேபாம் டெத்தின் முதல் ஆல்பம் 'ஸ்கம்', 1987. அதே பெயரில் 1992இல் இந்தப் பையன்கள் ஒரு சிங்கிள் போட்டார்கள். ஓடும் நேரம் 21 நிமிடம்! தேவாலயத்துக்குள்ளேயே பதிவு செய்தது. அடிக்குரலில் முணுமுணுப்பு, நெடுநேரம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, பிறகு கிடார்கள் திரண்டு எழும். மிருதங்கத்தில் கார்வை எப்படித் தாளத்தின் பகுதியோ, அப்படி இவர்களுக்கு மௌனமும் வாசிப்புதான். சத்தத்தின் எல்லையைச் சிறுவயதிலேயே தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த அடக்கம் கைகூடும் என்று நினைக்கிறேன்.

1994 பிப்ரவரியில் 'ஹெக்ஸ்' ஆல்பம் வந்தது. ஏழு பாட்டு, 51 நிமிடம். பியானோ, ட்ரம்பெட், தந்தி வாத்தியங்கள். கடைசிப் பாட்டு 'பெண்டுலம் மேன்' கிட்டத்தட்ட பத்து நிமிடம், வாய்ப்பாட்டே கிடையாது. சட்டன் ஒவ்வொரு ஒலியையும் விடாமல் செதுக்கியதில் குழு களைத்துப்போனது. கீபோர்டு கலைஞர் டேனியல் கிஷ் விலகினார், லிங்கும் போனார். அந்த ஆண்டே குழு கலைந்தது. விற்பனையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஆனால் 'மோஜோ' இதழில் இந்த ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதிய சைமன் ரெனால்ட்ஸ், இந்த வகை இசையைக் குறிக்க 'போஸ்ட்-ராக்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அந்தச் சொல் உலகம் முழுக்கப் போய்விட்டது. அதன் பெயரில் பெரிய அரங்குகளை நிரப்பும் குழுக்கள் உண்டு. அதற்கு இடம்கொடுத்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் குறைவு. இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

சட்டன் நிற்கவில்லை. பாய்மராங் என்ற பெயரில் டிரம் அண்ட் பேஸ் இசைக்குப் போய், 1997இல் ஓர் ஆல்பம் தந்தார். 2004இல் பார்க் சைக்கோசிஸின் இரண்டாவது ஆல்பம் வந்தபோது அதில் டிரம்ஸ் வாசித்தவர்களில் டாக் டாக் குழுவின் லீ ஹாரிஸும் ஒருவர். டாக் டாக்கின் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆல்பத்தைக் குறிப்பிடாமல் 'ஹெக்ஸ்' பற்றி யாரும் பேசுவதில்லை. பிறகு சட்டன் தயாரிப்பில் பங்கேற்ற தீஸ் நியூ பியூரிட்டன்ஸ் குழுவின் 'ஹிடன்' ஆல்பத்தை 2010இன் சிறந்ததாக என்எம்இ இதழ் தேர்ந்தெடுத்தது. 2017இல் 'ஹெக்ஸ்' மறுபடி வினைல் தட்டாக வந்தது. இப்போது காசு கொடுத்தால் கிடைக்கிறது.