உடற்பருமன் சத்திரசிகிச்சையும் மறுசத்திரசிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றிகளையே வரிசைப்படுத்துவர். உடலெடையைக் குறைக்கும் நோக்குடன் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளின் வரலாற்றை அவ்வாறு எழுதுதல் இயலாது. இத்துறையின் ஒவ்வொரு கட்டமும் முந்திய கட்டத்திற் செய்யப்பட்டதைத் திருத்தும் முயற்சியோடு பின்னிப் பிணைந்தே வளர்ந்துள்ளது. ஒருமுறை கத்திக்கு உடலைக் கொடுத்தவர் மீண்டும் கொடுக்க வேண்டுமா என்னும் வினா, இத்துறை தோன்றிய காலந்தொட்டே அதனைத் தொடர்ந்து வருகின்றது.

நோய் காரணமாகச் சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்தவர்கள் எவ்வளவு உண்டாலும் மெலிந்து போவதை மருத்துவர் முன்பே அறிந்திருந்தனர். இவ்விழப்பை வேண்டுமென்றே உண்டாக்கினால் அதீத பருமனைக் குறைக்கலாம் என்ற எண்ணம் 1950களில் உருப்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த கிரெமன், லின்னர் முதலியோர், சிறுகுடலின் வெவ்வேறு பகுதிகள் உணவை உறிஞ்சும் திறனை நாய்களில் ஆராய்ந்து 1954இல் முடிவுகளை வெளியிட்டனர்.

இவ்வெண்ணத்தை விரிவாகச் செயற்படுத்தியோர் கலிபோர்ணியாவைச் சேர்ந்த பெய்ன், டிவின்ட் ஆகியோராவர். 1956இல் தொடங்கிய அவர்களது முயற்சியில் சிறுகுடலின் முற்பகுதி நேரே பெருங்குடலுடன் இணைக்கப்பட்டது. எடை வேண்டிய அளவுக்குக் குறைந்தபின் குடலை மீண்டும் சீராக்கி விடலாம் என்பதே அவர்களது திட்டம். இரண்டாவது சத்திரசிகிச்சை தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டிருந்தது என்பது இங்கு கருதத்தக்கது. ஆனால், கடும் வயிற்றோட்டமும் உப்புச்சத்துக்களின் இழப்பும் நோயாளரை வருத்தின. குடல் சீராக்கப்பட்டதும் இழந்த எடை மீண்டும் ஏறியது. பருமன் ஒருமுறை அகற்றினால் நீங்கிவிடும் கட்டியைப் போன்றதன்று என்ற உண்மை முதன்முதலாக இவ்வாறே புலனாயிற்று.

இதனால் நிரந்தர மாற்றமொன்றை அவர்கள் நாடினர். 1969இல் அவர்கள் விவரித்த முறையில், ஏறத்தாழ 6 மீற்றர் நீளமான சிறுகுடலில் முற்பகுதியின் 35 சென்ரிமீற்றரும் கடைப்பகுதியின் 10 சென்ரிமீற்றரும் மட்டுமே உணவு செல்லும் வழியாக விடப்பட்டன. எடை குறைந்தது, விலையும் பின்னர் தெரிந்தது. உறிஞ்சப்படாத கொழுப்பு கல்சியத்தைப் பிணைத்துக் கொள்ள, தனித்து நின்ற ஒட்சலேற்று குருதியிற் கலந்து சிறுநீரகக் கற்களை உண்டாக்கியது. மூட்டழற்சி சிலரைப் பீடித்தது. எல்லாவற்றினும் கொடியதாக ஈரல் செயலிழந்து சிலர் மாண்டனர்.

ஈரலைக் காக்க வேண்டுமாயின் குடலை மீள இணைத்தல் வேண்டும். இணைத்தால் பழைய பருமன் திரும்பும். இவ்விரண்டிலொன்றைத் தெரிவு செய்யும் நிலைக்கு நோயாளர் தள்ளப்பட்டனர். குடலை மீட்கும்போதே இரைப்பையைச் சிறிதாக்கும் வேறொரு சத்திரசிகிச்சையையும் செய்தல் இதற்கான விடையாக முன்வைக்கப்பட்டது. ஒரு முறையின் தோல்வி அடுத்த முறைக்கு வழி திறந்த வரலாறு இதுவே.

அடுத்த முறை அயோவாப் பல்கலைக்கழகத்திற் பிறந்தது. புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் எடை குறைந்திருந்ததைக் கவனித்த எட்வேட் மேசன், இற்றோ என்பவருடன் சேர்ந்து 1966இல் இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். பின்னர் 1980இல், இரைப்பையை நெடுக்காகப் பிரித்து வாயிலிற் பட்டியிடும் எளிய முறையையும் வகுத்தார். இதிலும் குறைகள் தோன்றின. பிரித்த தையல் வரிசை சிலரிற் பிளந்தது; வாயில் ஒடுங்கியோர் வாந்தியால் வருந்தினர்; திண்ம உணவு செல்லாமையால் இனிப்பான மென்பானங்களை நாடியோர் மீண்டும் பருத்தனர்.

இக்கட்டத்தில் மறுசத்திரசிகிச்சையின் பொருளே மாறியது. முன்னர் அது உயிராபத்திலிருந்து மீட்பது. இப்போது இழந்த எடை திரும்பியதற்கும் பரிகாரமாயிற்று. கூடவே, குற்றம் எவருடையது என்ற வினாவும் எழுந்தது. எடை திரும்பியவரின் மனவுறுதியைக் குறைகூறல் எளிது. ஆனால், பிளந்த தையலை மனவுறுதி ஒட்டவைக்க மாட்டாது. தளர்ந்த முறையைத் தெரிவு செய்தவர் நோயாளரும் அல்லர்.

சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. பத்தாண்டுகளின் பின் மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோரின் எடை 25 சதவீதமும், நெடுக்குப் பிரிப்புப் பெற்றோரின் எடை 16 சதவீதமும், பட்டியிடப்பட்டோரின் எடை 14 சதவீதமும் குறைந்திருந்தன. சிகிச்சை பெற்றோரில் இறப்பும் குறைந்திருந்தமை 2007இல் வெளியாயிற்று. ஆகவே, இத்துறையை முற்றாக நிராகரித்தல் நியாயமன்று. எனினும், 2019இல் வெளியான நீண்ட கணிப்பில், பட்டியிடப்பட்டோருள் ஏறத்தாழ ஐவரில் இருவருக்கு மறுசத்திரசிகிச்சை தேவைப்பட்டிருந்தது. மாற்றுவழி பெற்றோரில் பத்திலொரு பங்கினருக்கும் குறைவானோருக்கே அது தேவைப்பட்டது. மனவுறுதி சிகிச்சை முறைக்கேற்ப இவ்வாறு பிரிந்து அமைந்திருக்க இயலாது. வேறுபாடு பெரிதும் முறையிலேயே இருந்தது.

2000ஆம் ஆண்டளவில், மிகப் பருத்தவர்களுக்கு இரு கட்டச் சிகிச்சையின் முதற் கட்டமாக இரைப்பையை ஒடுங்கிய குழாயாக்கும் முறை கையாளப்பட்டது. பலருக்கு இரண்டாம் கட்டம் வேண்டாமற் போகவே அதுவே தனிச் சிகிச்சையாகிப் பரவியது. அதனைப் பெற்றோருள்ளும் நெஞ்செரிவாலோ எடை திரும்பியதாலோ மறுசத்திரசிகிச்சையை எண்ணுவோர் இன்று உளர். முன்னைய தழும்பும் மாறிய குருதியோட்டமும் இரண்டாம் முறையை முதலாவதினும் கடினமாக்குகின்றன. எடை திரும்பியமைக்கு உடலமைப்பின் குறை காரணமா, பிறிதொன்றா என்பதை அறியாமல் அதில் இறங்குதல் தகாது. 2021இன் பின் வந்த புதிய மருந்துகள் சிலருக்குக் கத்தியல்லாத வழியொன்றையும் தந்துள்ளன.

குடற் சுருக்கத்தின் தீங்கு வெளிப்பட்டது, நோயாளரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தமையாலேயே. மேசன் இத்தகைய சிகிச்சைகளுக்கெனப் பொதுப் பதிவேடொன்றை அமைத்ததும் அதனை உணர்ந்தே. சத்திரசிகிச்சையின் பயன் தையல் ஆறும் நாளில் முடிவாவதில்லை. பத்தாண்டு, இருபதாண்டு கடந்தே அது முடிவாகின்றது. இரண்டாம் முறை வைத்தியசாலை வாயிலில் நிற்பவர் தோற்றவராக அன்றி, முழுமை பெறாத ஒரு மருத்துவ முயற்சியின் பங்காளராக வரவேற்கப்பட வேண்டியவர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.