கைப்பிடியும் கையும்

கொட்டாங்கச்சி அகப்பைக்கு நாம் மூங்கில் காம்பு போடுகிறோம். குழம்பு கொதித்தாலும் கை சுடுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வெள்ளித் தட்டார்களும் இதே யுக்தியைக் கையாண்டார்கள். உலோகங்களுக்குள் சூட்டை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. ஆகவே, 'பஞ்ச்' என்னும் மதுவை மொண்டு ஊற்றும் வெள்ளிக் கரண்டிக்குக் கடைந்தெடுத்த மரக் கைப்பிடி வைத்தார்கள்.

1,000 பங்கில் 925 பங்கு வெள்ளி. மிச்சம் பெரும்பாலும் செம்பு. அந்தத் தகட்டைத் தட்டிக் குழிக்க வேண்டும். தட்டத் தட்ட வெள்ளி இறுகும். உலையில் காய்ச்சினால் மறுபடி இளகும். மரத்தை வெள்ளியோடு பொடி வைத்து ஊத முடியாதல்லவா? கரண்டியோடு ஒரு வெள்ளிக் குழலைப் பற்றவைத்து, அதில் மரத்தைச் செருகி, ஆணியால் இறுக்கினார்கள்.

உபயோகிப்பவர் கையைக் காக்க இத்தனை யோசனை! செய்கிறவர் கையை யார் காப்பது? இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஸி. ஆர். ஆஷ்பி. 1888-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் கைவினைஞர் சங்கம் ஒன்றை அவர் ஆரம்பித்தார். வேலை செய்கிறவர்களுக்கும் லாபத்தில் பங்கு உண்டு. கரண்டி, கிண்ணம், நகை எல்லாம் கைவேலை. 1902-இல் ஏறக்குறைய 150 பேர், பெண்டு பிள்ளைகளோடு, சிப்பிங் காம்ப்டன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அதற்குள் லண்டனில் லிபர்ட்டி கடையார் அதே பாணி வெள்ளிச் சாமான்களை இயந்திர உதவியால் மலிவாக விற்கத் தொடங்கியிருந்தார்கள். சுத்தியல் தழும்புகூட மேலே இருக்கும்! ஐந்தாறு வருஷத்தில் சங்கம் நொடித்துவிட்டது.

ஆனால் முயற்சி முற்றும் வீணாகவில்லை. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி அந்த ஊரை அடுத்தே வீடு கொண்டார். சங்கத்தார் உபயோகித்த அச்சுப் பொறியிலேயே, கண்டிச் சீமைக் கைவினைகளைப் பற்றிய தம் பெரிய நூலை 1908-இல் அச்சிட்டார். சங்கத்தின் வெள்ளி வேலைக்காரர்களில் ஜார்ஜ் ஹார்ட் என்பவர் ஊரைவிட்டுப் போகவில்லை. அவருடைய பட்டறை, அவர் சந்ததியார் கையில், நூறாண்டு கடந்தும் நடந்தது.

சங்கம் தோற்றது விலையில்தான், வேலையில் அல்ல. சாமான் வாங்குகிற நாம் முதலில் விலையைத்தான் கேட்கிறோம். செய்த கைக்கு என்ன கிடைத்தது என்று எத்தனை பேர் கேட்கிறோம்?