வேதியியல் பட்டப்படிப்பு (தமிழ்நாடு)

வேதியியல் பட்டப்படிப்பு என்பது கலை, அறிவியல் கல்லூரிகளில் பிளஸ் டூவுக்குப் பின் மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்களில் பயிலும் இளம் அறிவியல் பட்டம். வழக்கில் 'பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி'. கரிம, கனிம, இயற்பிய வேதியியல் என்ற மூன்று கிளைகளோடு கணிதம், இயற்பியல், விலங்கியல் போன்றவற்றில் சில துணைப்பாடங்களாக வரும்.

படிப்பின் உயிர் ஆய்வகத்தில் இருக்கிறது. முதலில் 'சால்ட்': கொடுத்த தூளில் உள்ள நேரயனி, எதிரயனிகளைக் கண்டறிய வேண்டும். நைட்ரேட் என்றால் சோதனைக் குழாயில் பழுப்பு வளையம் தோன்றும். நிக்கலென்றால் சிவப்பு வீழ்படிவு. அடுத்தது தரம் பார்த்தல். பெர்மாங்கனேட்டுக்குத் தனி நிறங்காட்டி தேவையில்லை. நிலைத்து நிற்கும் முதல் இளஞ்சிவப்பே முடிவுநிலை. ஒரு துளி கூடிவிட்டால் மறுபடியும் பிப்பெட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

வேலை பெரும்பாலும் இந்தத் துளிக் கணக்கைச் சுற்றியே அமைகிறது. மருந்து ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு அதில் முக்கியமானது. அங்கு ஆளும் கருவி, மருந்தின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி.; கல்லூரியில் படமாக மட்டுமே பார்த்த அதைப் பலர் வேலையில்தான் முதன்முதலாகத் தொடுகிறார்கள். பதிவேட்டில் எண் தவறினால் பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும்; ரப்பருக்கு அங்கே இடமில்லை. மருந்து விதிகளின்படி, உற்பத்தியை மேற்பார்வையிட மருந்தியல் பட்டதாரிக்குப் பதினெட்டு மாத அனுபவம் போதும்; வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்தவருக்கு மூன்று ஆண்டுகள் வேண்டும்.

திருப்பூரில் கதை வேறு. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பே தொழிலின் நிபந்தனையாயிற்று. நிறம் கலக்கும் ஆய்வகத்தோடு, நீரின் உப்பளவைச் சோதிக்கும் ஆய்வகமும் வேதியியல் படித்தவரைத் தேடுகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் பதனிடும் ஆலைகளிலும் இப்படித்தான்.

ஆசிரியராக விரும்புவோர் பி.எட். முடித்துத் தகுதித் தேர்வு எழுதுகிறார்கள். ஆய்வை நாடுவோர் 'ஜாம்' தேர்வு வழியாக ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்ந்து, பின்னர் 'நெட்' தேறி உதவித்தொகையுடன் முனைவர் பட்டத்துக்குச் செல்லலாம். அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொண்டு எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் அத்தகையோர் செல்லுமிடங்களுள் ஒன்று.

தடய அறிவியல் துறையும் வேதியியலாளர்களை எடுக்கிறது. நஞ்சு கலந்த வழக்குகளுக்காக மதராஸில் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் அமைந்தது 1849-இல்; சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதோ 1857-இல்.