போர்க்காலச் சிங்கை: பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட கதை

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் நாள் முழுமைத் தற்காப்பு நாளாக அனுசரிக்கப்பட்டு வருகின்றது. 1942இல் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்த நாள் அது. தோற்ற பெர்சிவல், வென்ற யமஷிதா, கையொப்பம் இடப்பட்ட ஃபோர்டு தொழிற்சாலை ஆகியவற்றை நம் பிள்ளைகள் நன்கறிவர். துப்பாக்கி ஏந்தாத நகர மக்கள் என்ன செய்தனர் என்று வினவினால்தான் விழிக்கின்றனர். குறை அவர்களுடையதன்று, நாம் சொல்லவில்லை.

1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன் முதற்குண்டுகள் விழுந்தபோது நகரின் தெருவிளக்குகள் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தன. அன்று 61 பேர் மாண்டனர். அடுத்த பத்து வாரங்களும் விமானத் தாக்குதல் தடுப்புத் தொண்டர்கள் இருட்டடிப்பைக் கண்காணித்தனர். துணைத் தீயணைப்புப் படையினர் நெருப்போடு போராடினர். துணை மருத்துவச் சேவையினர் காயமுற்றோரைப் பேணினர். ஆசிரியை எலிசபெத் சோய் இச்சேவையில் தொண்டாற்றியவர். சிறைப்பட்டோருக்கு உதவியதற்காக 1943இல் அவரே சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். சீனச் சமூகத்தினர் டான் கா கீயின் தலைமையில் ஒன்றுகூட, லிம் போ செங் தொழிலாளர்களைத் திரட்டித் தந்தார்.

சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம் அந்நாட்களில் அடைக்கல இல்லமாயிற்று. விமானத் தாக்குதலின்போது மக்கள் அன்னையின் சந்நிதியை நாடி வந்து ஒதுங்கினர். ஆலயமும் திருவுருவங்களும் சேதமின்றித் தப்பின. அது அம்பாளின் அருள் என்பது நம் நம்பிக்கை. அத்துடன் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்லலாம்: அஞ்சி ஓடிவந்தோருக்குக் கதவைத் திறந்து வைக்க மனிதரும் அங்கே இருந்திருக்க வேண்டும். இன்றைய கட்டடம் பின்னாளில் எழுந்ததாயினும், இடம் அதுவே. வரலாற்றுப் பாடத்திற்கு இதைவிட நல்ல வகுப்பறை எது?

நகரம் 'சியோனான்' ஆன பின்னர் அரிசி அருகியது. வாழைமர நோட்டின் மதிப்பு சரியச் சரிய, கிடைத்த மண்ணிலெல்லாம் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. இன்று சில பள்ளிகளில் நினைவுக்காக ஒரு துண்டு கிழங்கு தருகின்றனர். பிள்ளைகள் சுவைத்துச் சிரிக்கின்றனர். மூன்றரை ஆண்டுகள் அதையே உண்ட பாட்டிமார் பின்னாளில் அக்கிழங்கைத் தொடவும் மறுத்தது ஏனென்று யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொன்னால் நன்று.

இந்தியர் பங்கில் நேதாஜியை விடலாகாது. 1943இல் தேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்கு அழைக்கப்பட்டபோது, சாதி சமய வேறுபாடின்றி அனைவரையும் உள்ளே விட்டாலன்றி வர இயலாது என்றார் அவர். கோயிலார் இசைந்தனர்; ஆபித் ஹசன் போன்ற முஸ்லிம் அதிகாரிகளோடு அவர் உள்ளே சென்றார். ஆலயத்தார் தம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய நிகழ்ச்சி இது என்பேன். கோலாலம்பூரில் அவர் உரை கேட்டு நகைகளைக் கழற்றித் தந்த இளம்பெண் ஜானகி, சிங்கப்பூருக்கு வந்து ஜான்சி ராணிப் படையில் பயிற்சி பெற்றார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் எனப் புகழ்பெற்றவர் அவரே. எல்லோரும் அவர்போல் மனமுவந்து தந்தனர் எனச் சொல்வது பொய்யாகும். வசதி படைத்த சிலர் நெருக்குதலுக்கு அஞ்சியும் கொடுத்தனர். மாணவர்களிடம் இதையும் மறைக்கலாகாது. அவர்கள் எப்படியும் கேட்டுவிடுவார்கள்.

1942இல் பத்து வயதுச் சிறுவராயிருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். பிரசாதம் வாங்க வரும் அத்தகைய முதியவர் அருகில் ஒரு மாணவனை அரைமணி நேரம் அமர்த்தி, சொல்வதை எழுதிக்கொள்ளச் செய்ய ஆலய வார இறுதி வகுப்புகளால் இயலும். பிறகு, பீச் ரோட்டில் 1967ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பொதுமக்கள் போர் நினைவகத்திற்கு அவர்களை அழைத்துச் செல்லலாம். நான்கு இனத்தவரையும் குறிக்கும் அந்த நான்கு தூண்களின் அடியில், போரில் மாண்ட பொதுமக்களின் எச்சங்கள் தாழிகளில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் எது தமிழருடையது, எது சீனருடையது, எது மலாய்க்காரருடையது என்று பிரித்தறிய வழியில்லை.