கல்கத்தாவுக்குக் கப்பலேறிய பனிக்கட்டி

1833ஆம் ஆண்டு மே மாதம் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘டஸ்கனி’ என்னும் கப்பல், பனிக்கட்டி வணிகர் ஃபிரடெரிக் டியூடரின் சரக்காக ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியைச் சுமந்து, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது, அதில் சுமார் 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது. அதற்கு முன்னர் அருகிலுள்ள ஹூக்ளிப் பகுதியில் உள்ளூரிலேயே பனிக்கட்டி உருவாக்கினார்கள்: குளிர்கால இரவுகளில் வைக்கோல் பரப்பிய குழிகளில் அகன்ற மண்தட்டுகளை வைத்து நீர் ஊற்றினால், தெளிந்த வானை நோக்கி வெப்பத்தை இழந்து நீர் மெல்லிய ஏடாக உறையும். மண் கலந்து குழம்பாய்க் கிடைத்த அந்த உள்ளூர்ப் பனியை மதுவில் இடுவதற்குத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும். ஏரிகளில் அறுத்த தெளிந்த அமெரிக்கக் கட்டிக்குச் சுங்கவரி விலக்கும், நகரவாசிகளின் நன்கொடையில் எழுந்த, ‘ஐஸ் ஹவுஸ்’ எனப்பட்ட தனிக் கிடங்கும் கிடைத்தன. 1878இல் வங்காள ஐஸ் கம்பெனி தோன்றி, இயந்திரத்தில் உறைந்த கட்டி மலிந்தபின், கடல்வழி இறக்குமதி விரைவில் நின்றது.